மறுகா? – கடற்கொள்ளையர் படங்களும் எங்கள் வாவிக்கரையும்

கடற்கொள்ளையர் திரைப்படங்களைப் பற்றித் தமிழ்ச் சங்க மலரில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நெய்தற்றிணை பற்றியோ ஈழத்து நாவலின் சமூக நோக்குப் பற்றியோ எழுத வேண்டிய இடத்தில், ஒரு கண்ணைத் துணியால் மறைத்துக் கயிற்றைப் பற்றிக்கொண்டு கப்பலுக்குக் கப்பல் தாவும் மனிதர்களுக்கு என்ன வேலை என்ற வினா எழுதல் இயல்பே. எனினும், மக்கள் எவற்றை விரும்பி மீண்டும் மீண்டும் பார்க்கின்றனரோ அவற்றை ஆராயாது விடுவது கலைப்பீட மாணவன் ஒருவனுக்குப் பொருந்தாது. பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்புச் சாதனமாகக் கொண்டு ஆராய்ந்து 1981 இல் நூலொன்று வெளியிட்டார். அதன் பின்னரும் வணிகத் திரைப்படம் சிந்தனைக்குரியதன்று என்று சொல்ல நமக்கு உரிமை இல்லையென்றே கருதுகிறேன். இக்கட்டுரை ஆய்வன்று. மட்டக்களப்பு வாவிக்கரையில் வளர்ந்த ஒருவன், தான் விரும்பிப் பார்த்த ஒருவகைப் படங்கள் தன்னை ஏன் கவர்ந்தன, அவற்றுக்குத் தொடர்ச்சிகள் ஏன் வந்துகொண்டேயிருக்கின்றன என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்ததன் விளைவு.

என் ஊர் எழுவான்கரையில் உள்ளது. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் வாவி. இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய மணல்நிலம். வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் மேற்கே படுவான்கரை. இரு கரைகளையும் பாலங்களும், நாங்கள் ‘பாதை’ என்று அழைக்கும் படகுகளும் இணைத்து வந்துள்ளன. வாவி எங்களுக்குச் சோறு. அப்பா தோணியிற் சென்று வீச்சுவலை வீசுவார். இறாலும் நண்டும் கிடைத்த நாளில் வீட்டிற் பேச்சும் சிரிப்பும் இருக்கும். கிடைக்காத நாளில் இரா. கடலோ வேறு. அதை நாங்கள் பெரும்பாலும் இரைச்சலாகவே அறிந்திருந்தோம். 2004 டிசெம்பர் 26 இல் அது வீட்டுக்குள் வந்தது. அப்போது எனக்கு நினைவு தெளியாத வயது. அதன் பின்னர் வீட்டார் கடலைப் பற்றிக் கதைக்கும்போது குரலைத் தாழ்த்துவதைக் கேட்டே வளர்ந்தேன். ஆகவே, கடலை மகிழ்ச்சிக்குரிய ஓரிடமாக நான் முதன்முதலிற் கண்டது தொலைக்காட்சித் திரையிலேதான்.

அப்படம் ‘ஆயிரத்தில் ஒருவன்’. பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் 1965 யூலையில் வெளிவந்தது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் இணைந்து நடித்த முதற் படம் அதுவே. என் அம்மம்மா தம் இளமையில் நகரத்துத் திரையரங்கில் அதனைப் பார்த்தவர். கதை முழுவதும் அவருக்குத் தெரியும். இருந்தும் விளம்பர இடைவேளை வந்ததும் என் பக்கம் திரும்பி, “மறுகா?” என்பார். ‘பிறகு’ என்பதற்கு மட்டக்களப்பார் வழங்கும் சொல் அது. இப்பெயரில் எங்கள் மாவட்டத்திலிருந்து இலக்கியச் சிற்றிதழொன்றும் வெளிவந்ததுண்டு. தெரிந்த கதைக்கு ‘மறுகா?’ என்று ஏன் கேட்கவேண்டும்? சிறுவனாக இருந்தபோது அதனை விளையாட்டென்று எண்ணினேன். இன்று அச்சொல்லிலேதான் இவ்வகைப் படங்களின் கவர்ச்சி முழுவதும் அடங்கியிருக்கிறதென்று தோன்றுகிறது.

முதலிற் கதையைப் பார்ப்போம். மணிமாறன் நெய்தல் நாட்டு மருத்துவன். காயமுற்ற கிளர்ச்சிக்காரருக்கு மருந்திட்டமையே அவன் செய்த குற்றம். சர்வாதிகாரியின் ஆட்சி அவனைத் தண்டித்துக் கன்னித்தீவுக்கு அடிமையாக அனுப்புகிறது. அங்கிருந்து தப்பும் அவனும் தோழர்களும் எம். என். நம்பியார் ஏற்ற கொள்ளைத் தலைவனிடம் அகப்பட்டு, வேறு வழியின்றிக் கொள்ளையராகின்றனர். இக்கதையின் மூலம் மேனாட்டிலுள்ளது. ரபேல் சபாட்டினி 1922 இல் எழுதிய ‘கப்டன் பிளட்’ என்னும் நாவல் 1935 இல் எரோல் பிளின் நடிக்கத் திரைப்படமாயிற்று. தமிழ்ப் படம் அதன் வழிவந்தது. பிளட் என்ற பாத்திரத்துக்கும் ஓர் உண்மை மனிதன் பின்புலமாக உள்ளான். இங்கிலாந்தில் 1685 இல் நிகழ்ந்த மொன்மத் கிளர்ச்சியோடு தொடர்புபட்டுப் பார்படோஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்ட ஹென்றி பிட்மன் என்னும் அறுவை மருத்துவன் அங்கிருந்து தப்பி, 1689 இல் தன் வரலாற்றை எழுதி வெளியிட்டான்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் தகும். இப்படங்களின் நாயகன் கொள்ளையனாகப் பிறப்பதில்லை. அவன் மருத்துவன், ஒரு நாட்டின் குடிமகன். நீதி வழங்க வேண்டிய ஆட்சியே அநீதி செய்தமையால் நிலத்தில் அவனுக்கு இடமில்லாமற் போகிறது. எனவே நீருக்குச் செல்கிறான். பார்ப்போர் களிப்பது பொன்னையும் பெட்டகத்தையும் கண்டன்று. தண்டிக்கப்பட்டவன் தலைநிமிர்வதைக் கண்டே. வரலாற்றுக் கொள்ளையரின் கப்பல்களிலும் இதற்கு ஒரு சாயல் இருந்தது. 1722 இற் கொல்லப்பட்ட பார்தலோமியு ரொபர்ட்ஸ் என்பவனின் கப்பலில் எழுதப்பட்ட விதிகள் இருந்தன. முக்கிய விடயங்களில் ஒவ்வொருவனுக்கும் ஒரு வாக்கு, உணவில் சம உரிமை, உறுப்பிழந்தவனுக்கு இழப்பீடு. அக்காலத்து அரசர்களின் கடற்படைகளில் சாதாரண மாலுமிக்கு இவற்றிற் பெரும்பகுதி கிடைக்கவில்லை. கொள்ளையர் நல்லவர் என்பதற்காக இதனைச் சொல்லவில்லை. அவர்களைப் பற்றிய கற்பனை ஏன் இத்தனை காலம் நின்று நிலவுகிறதென்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொள்ளையன் யார் என்ற வினாவும் எளிதானதன்று. நமது கடல்களிலேயே இதற்குச் சான்றுண்டு. கோழிக்கோட்டுச் சாமூத்திரியின் கடற்படைத் தலைவர்களாக விளங்கிய குஞ்ஞாலி மரக்காயர்களைப் போர்த்துக்கேயர் கடற்கொள்ளையர் என்றனர். சீதாவாக்கை மாயாதுன்னைக்குத் துணையாக இலங்கைக்கு வந்த கடற்படையும் மரக்காயர்களுடையதே; அப்படை 1538 இல் இராமேசுவரத்துக்கு அண்மையிலுள்ள வேதாளையில் முறியடிக்கப்பட்டது. நான்காம் குஞ்ஞாலி 1600 இல் கோவாவிற் கொல்லப்பட்டார். அவர்களுடைய கதை 1967 இலும் 2021 இலும் மலையாளத்தில் திரைப்படமாக வந்தபோது அவர்கள் கொள்ளையராக வரவில்லை, வீரராகவே வந்தனர். கடலைத் தம் உடைமையாக எண்ணியவன் மற்றவனைக் கொள்ளையன் என்கிறான். மற்றவனின் பேரர்கள் அவனுக்குச் சிலை வைக்கின்றனர்.

எங்கள் வாவியின் முகத்திலும் இது நிகழ்ந்திருக்கிறது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தோன்றிய 1602 ஆம் ஆண்டிலேயே யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கப்பற்றலைவன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டி மன்னன் முதலாம் விமலதர்மசூரியனைக் காணச் சென்றான். அவனைத் தொடர்ந்து வந்தவன் செபால்ட் டீ வேர்ட். அவன் 1603 இல் நான்கு போர்த்துக்கேயக் கப்பல்களைக் கைப்பற்றினான். ஆனால் அவற்றிலிருந்தோரை விடுவித்துவிட்டான். போர்த்துக்கேயரின் பகைவனான மன்னனுக்கு அது பிடிக்கவில்லை. மனக்கசப்பு முற்றி, டீ வேர்ட்டும் அவனது ஆட்கள் பலரும் மட்டக்களப்பிலேயே கொல்லப்பட்டனர். திரைப்படமொன்றில் இக்காட்சியைக் கண்டால் மிகைப்படுத்தல் என்போம். பின்னர் 1628 இற் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கட்டிய கோட்டையை 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அக்கோட்டை இன்றும் நிற்கிறது. அதன் மதிலருகே பழைய பீரங்கியைக் கண்ட சிறுவயதில், எம்.ஜி.ஆர். இதற்குப் பின்னாலிருந்துதான் பாய்வாரோ என்று எண்ணியதுண்டு. அங்கே வந்திறங்கியோர் வணிகரா, படையினரா, கொள்ளையரா என்று கேட்டால், மூன்றுமே என்பதுதான் வரலாற்றின் விடை.

இனிக் கவர்ச்சியின் மற்றொரு கூற்றுக்கு வருவோம். வாட்போர் இவ்வகைப் படங்களின் உயிர். மேனாட்டு விமரிசகர் அதனை நடனத்தோடு ஒப்பிடுவர். மட்டக்களப்பாருக்கு அந்த ஒப்பீடு தேவையில்லை. எங்கள் கூத்தில் போரே ஆட்டம். வட்டக்களரியில் மத்தளம் முழங்க, சல்லரி ஒலிக்க, வடமோடி அரசன் தோன்றி ஆடும் வரவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எம்.ஜி.ஆர். கப்பற் படிகளில் வாளோடு இறங்கும் காட்சி புதியதன்று. ‘வரவு பிரமாதம்’ என்றே ஊரிலுள்ள முதியவர் ஒருவர் திரைப்பட நாயகனின் அறிமுகத்தைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வில்லனும் நாயகனும் வெட்டிக்கொள்வதன் முன்னர் மாறிமாறி வீரம் பேசுவதும் கூத்தின் தர்க்கமே. இயற்பண்பு நாடகத்தின் அளவுகோலால் அளந்தால் இவை குறைகளாகத் தோன்றும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் துணையோடு 1962 இற் பேராதனை மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியதன் பின்னர், கூத்தை அந்த அளவுகோலால் அளப்பது தவறென்பதைப் பல்கலைக்கழகத்தார் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டனர். திரைப்படத்துக்கு அந்த நீதி இன்னும் முழுமையாக வழங்கப்படவில்லை.

கூத்தைப் பற்றிப் பேசும்போதே ‘தொடர்ச்சி’யைப் பற்றியும் பேசவேண்டியவராகிறோம். படங்களுக்கு இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று இலக்கமிடுவதைப் பலர் ஹொலிவூட்டின் வணிகத் தந்திரமென எள்ளுவர். எங்கள் அண்ணாவிமார் இதனை எப்போதோ செய்துவிட்டனர். ‘பதினேழாம் போர்’, ‘பதினெட்டாம் போர்’ என்று நாளின் இலக்கத்தையே பெயராகக் கொண்ட கூத்துக்கள் எங்களிடம் உண்டு. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிற் பாரதக் கதை நாளுக்கு நாள் சடங்காக நடந்து, பாண்டவர் வனவாசம் போய், இறுதியிற் தீமிதிப்போடு நிறைவுறுகிறது. அடுத்த ஆண்டு மறுபடியும் பாண்டவர் வனவாசம் போகின்றனர். கதை முடிந்ததென்று யாரும் வராமல் இருப்பதில்லை.

ஆனால் கூத்தின் மறுவருகைக்கும் ஹொலிவூட்டின் தொடர்ச்சிக்கும் வேறுபாடுண்டு. களரியிற் கர்ணன் விழும்போது பெண்கள் அழுவதைக் கண்டிருக்கிறேன். விடிந்ததும் கர்ணனாக ஆடியவர் எழுந்து முகப்பூச்சைத் துடைத்துத் தேநீர் குடிக்கிறார். மறு ஆண்டு கர்ணன் மீண்டும் வருகிறான். ஆயினும் மீண்டும் இறக்கவே வருகிறான். இறப்பை எவரும் மாற்றுவதில்லை. கரிபியன் கடற்கொள்ளையர் வரிசையோ வேறு வழியிற் செல்கிறது. அவ்வரிசை 1967 இல் டிஸ்னிலாந்தில் அமைக்கப்பட்ட ஒரு படகுச் சவாரியிலிருந்து பிறந்தது. முதற் படம் 2003 இல் வந்தது. பின்னர் 2006, 2007, 2011, 2017 ஆகிய ஆண்டுகளில் நான்கு தொடர்ச்சிகள். முதற் படத்திற் சுடப்பட்டு இறந்த பார்போசா இரண்டாம் படத்தின் கடைசிக் காட்சியில் உயிரோடு படியிறங்கி வருகிறான். அதே படத்திற் கடற்பூதத்தால் விழுங்கப்பட்ட ஜாக் ஸ்பாரோவை, மூன்றாம் படத்தில் உலகின் எல்லைக்கு அப்பாற் சென்று தோழர் மீட்டுவருகின்றனர். இங்கே இறப்பு மாற்றப்படுகிறது. கடலுக்குட் போனவன் கடலிலிருந்து திரும்பி வருகிறான்.

இவ்வேறுபாட்டை எனக்கு உணர்த்தியவர் அம்மம்மா. தமிழ்க் குரலேற்றிய அப்படத்தை ஒருநாள் மாலை வீட்டிற் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மம்மா பக்கத்திற் பாய் விரித்துப் படுத்திருந்தார். அவருக்கு அப்படத்திற் பற்றில்லை. முகத்திற் சிப்பியும் சிராயும் ஒட்டிய மாலுமிகளைக் கண்டு, “என்ன அரியண்டம் மனே இது” என்று மட்டும் சொல்லியிருந்தார். ஆனால் முதற் படத்தையும் அவர் அரைகுறையாகப் பார்த்திருந்தமையால் பார்போசாவின் முகம் நினைவிலிருந்தது. அவன் படியிறங்கி வந்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

“இவன் செத்தவனெல்லோ?”

“ஓம் அம்மம்மா. திரும்பி வந்திட்டான்.”

“ஆர் கூட்டி வந்த?”

“அது அடுத்த படத்திலதான் சொல்லுவாங்க.”

“மறுகா அந்தப் படத்தையும் போடு” என்றார். அன்றிரவு மூன்றாம் படத்தையும் முழுவதும் விழித்திருந்து பார்த்தார். நானறிய அவர் நள்ளிரவு வரை விழித்திருந்து பார்த்த வெளிநாட்டுப் படம் அது ஒன்றே. முடிந்தபின் எழுந்து விளக்கை அணைக்கப் போனவர், “பிரேதம் காணாத ஆளைச் செத்ததெண்டு சொல்லப்படாது” என்றார். என்னை நோக்கிச் சொன்னதாக அது தோன்றவில்லை.

அவருடைய தம்பி 1990 இற் காணாமற்போனவர். காலையிற் தோணியில் படுவான்கரைக்கு நெல் வாங்கப் போனார். தோணி மறுநாள் கரையோரமாகக் கிடந்தது; ஆளில்லை. அதற்கு மேல் எங்கள் வீட்டில் எவருக்கும் எதுவும் தெரியாது. அவ்வாண்டு மட்டக்களப்பிற் பல வீடுகளில் இவ்வாறு ஒருவர் இல்லாமற் போனார். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்களுள் 158 பேர் 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி கொண்டுசெல்லப்பட்டு, திரும்பவேயில்லை. இவர்களுக்கு இறப்பு நாள் இல்லை. ஆகவே திதி இல்லை. குடும்பத்தாருக்கு எஞ்சியிருப்பது ‘மறுகா?’ என்ற வினா மட்டுமே. அதற்கு விடை கூறவேண்டியோர் கூறவில்லை. இத்தகைய ஒரு வீட்டில், இறந்தவன் படியிறங்கி வரும் காட்சி வெறும் வேடிக்கையாக இருக்க முடியாது.

கடற்கொள்ளையர் படங்களின் வரலாற்றிலும் இத்தகைய ஒரு காணாமற்போதல் உண்டு. ‘கப்டன் பிளட்’ வெளிவந்து 27 ஆண்டுகள் கழிந்தபின், 1962 இல் ‘கப்டன் பிளட்டின் மகன்’ என்றொரு படம் வந்தது. அதில் மகனாக நடித்தவர் எரோல் பிளின்னின் உண்மை மகனான ஷோன் பிளின். தந்தையின் படத்துக்கு மகனே தொடர்ச்சியாக நின்றமை திரையுலகில் அரிய நிகழ்ச்சி. ஆனால் மகனுக்கு நடிப்பில் மனம் நிலைக்கவில்லை. அவர் புகைப்படச் செய்தியாளராகி வியட்னாம் போருக்குச் சென்றார். 1970 ஏப்ரல் 6 ஆம் திகதி கம்போடியாவில், மற்றொரு புகைப்படக்காரரோடு மோட்டார் சைக்கிளிற் சென்றவர் பிடிபட்டுக் காணாமற் போனார். தாயார் லில்லி டமிட்டா, தாமும் ஒரு காலத்தில் நடிகையாக இருந்தவர், ஆண்டுக்கணக்காக மகனைத் தேடினார். 1984 இல்தான் ஷோன் பிளின் சட்டப்படி இறந்தவராக அறிவிக்கப்பட்டார். திரையில் வாளேந்திக் கப்பலேறிய மகனுக்கு வாழ்க்கையில் அடுத்த பாகம் வரவில்லை. இச்செய்தியை நூலொன்றில் வாசித்தபோது அந்தத் தாயையும் அம்மம்மாவையும் ஒரே திண்ணையில் இருத்திப் பார்த்தேன். இருவருக்கும் பொதுமொழி இல்லை. ஆனாலும் ஒருவர் சொல்ல மற்றவர் விளங்கிக்கொண்டிருப்பார்.

எங்கள் கடலின் அடியிலும் உண்மைக் கப்பலொன்று கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது. அதில் இறந்தோர் 307 பேர். கரிபியன் படங்களிற் மூழ்கிய கப்பல் பாய் விரித்தபடி நீரைப் பிளந்துகொண்டு மேலெழும். ஹேர்மிஸ் எழவில்லை. சுழியோடிகள்தான் கீழே சென்று அதனைப் பார்த்து வருகின்றனர்.

இவ்விடத்தில் இரண்டு மறுப்புக்களை எதிர்கொள்ள வேண்டும். முதலாவது, எங்கள் மாமாவினுடையது. அவர் நெடுநாட் படகிற் தொழில் செய்தவர். கொள்ளையர் படம் ஓடினால் எழுந்து போய்விடுவார். “வலை களவு போன ஒருத்தனுக்கு இது சிரிப்பு வராது” என்பார். அவர் சொல்வதில் நியாயமுண்டு. போர்க்காலத்திற் கடலுக்குப் போக நேரக் கட்டுப்பாடு, எஞ்சின் வலுவுக்குக் கட்டுப்பாடு, சில நாட்களிற் போகவே தடை. அத்தனையையும் கடந்து ஒருவன் கடன்பட்டு வாங்கிய வலை இரவோடிரவாகப் போய்விட்டால், அதைக் கொண்டுபோனவனை எந்தக் கமராவும் அழகாகக் காட்டமுடியாது. 2017 மார்ச்சிற் சோமாலியக் கடற்கொள்ளையர் ‘ஏரிஸ் 13’ என்ற எண்ணெய்க் கப்பலைக் கைப்பற்றியபோது, அதிலிருந்த மாலுமிகள் எண்மரும் இலங்கையர். சில நாட்களில் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். அந்நாட்களில் அவர்களின் குடும்பத்தார் வானொலியைக் கேட்டிருந்த விதத்தை எண்ணிப் பார்த்தால், உண்மைக் கொள்ளையிற் காவியம் எதுவுமில்லையென்பது விளங்கும். மாமாவோடு நான் வாதிடுவதில்லை. ஆனால் அவர் குறிப்பிடுவது கொள்ளையை. நான் விரும்புவது தண்டிக்கப்பட்டவனின் தப்புதலை. இரண்டும் ஒரே உடையை அணிந்து திரையில் வருவதே குழப்பத்துக்குக் காரணம்.

இரண்டாவது மறுப்பு கற்றோருடையது. இப்படங்கள் மக்களை உண்மைப் பிரச்சினைகளிலிருந்து திசைதிருப்புகின்றன. அநீதியை ஒரு தனி வீரன் வாளால் தீர்த்துவைப்பான் என்ற மயக்கத்தை வளர்க்கின்றன என்பர். எம். எஸ். எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பத்தைப் பற்றி 1992 இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இக்கருத்தை வலுவாக முன்வைத்தது. அடிமைகளுக்குத் தலைவனாக 1965 இல் திரையிற் தோன்றியவர் 1977 இற் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். திரையிற் கண்ட விடுதலையை ஏழைகள் நாட்டிலும் எதிர்பார்த்தனர். அந்த எதிர்பார்ப்பு நிறைவேறியதா என்பது பாண்டியனின் வினா. இது தள்ளிவிடக் கூடிய வினாவன்று. மணிமாறனின் கப்பலில் அடிமைகள் பலர் இருந்தும், அவர்களிற் பெரும்பாலோருக்குப் பெயரில்லை என்பதை நானும் கண்டிருக்கிறேன். படத்தின் தலைப்பே ஒருவனை உயர்த்தி, மீதி 999 பேரை மறக்கச் செய்கிறது.

ஆயினும், பார்ப்போர் அனைவரும் மயங்குகின்றனர் என்பது படித்தவர் தம்மை மட்டும் விலக்கி வைத்துச் சொல்லும் தீர்ப்பு. தம் தம்பி படியிறங்கி வரமாட்டார் என்பது அம்மம்மாவுக்குத் தெரியாதா? காணாமற்போனோரைப் பற்றி விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணைக்குழுக்களின் முன் ஒருமுறையல்ல, பலமுறை போய்ப் பெயர் கொடுத்து வந்தவர் அவர். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்ததாம். எழுதிக்கொண்டவர் எவரும் மறுமுறை இருக்கவில்லையாம். அவருக்கு யதார்த்தத்தை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. படத்தில் அவர் கண்டது வேறொன்று. காணாமற்போன ஒருவனைத் தேடுவதற்கென்றே ஒரு கப்பல் நிறைய ஆட்கள் புறப்படுகின்றனர். பைத்தியக்காரத்தனம் என்று எவரும் அவர்களைத் தடுக்கவில்லை. திரும்பி வா என்று எவரும் சொல்லவில்லை. தேடுதலை மதிக்கும் ஓர் உலகத்தை மூன்று மணித்தியாலமாவது பார்க்க விரும்புவதை மயக்கம் என்று பெயரிட்டு ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று.

‘ஆயிரத்தில் ஒருவனு’க்கு இரண்டாம் பாகம் எடுக்கப்படவில்லை. அதன் பெயரைத் தாங்கி 2010 இற் செல்வராகவனின் படமொன்று வந்தது. அது சோழர் பற்றிய வேறு கதை. ஆனால் பழைய படமே 2014 மார்ச்சிற் புதுக்கப்பட்டு மீண்டும் திரையரங்குக்கு வந்தது. 49 ஆண்டுகளுக்கு முற்பட்ட படம் சென்னையில் 175 நாட்களைக் கடந்து ஓடிற்று. அதிற் தோன்றிய பலர் அப்போது உயிரோடில்லை. எம்.ஜி.ஆர். 1987 இலேயே மறைந்தவர். திரையில் அவர் மறுபடியும் கயிற்றைப் பற்றித் தாவினார். தெரிந்த கதையைப் பார்க்கத் தெரிந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தனர். இது ஹொலிவூட்டின் வழியன்று, களரியின் வழி. கர்ணன் மறு ஆண்டு வருவதுபோல மணிமாறனும் வந்தான். நம்மவர் கதை நீளவேண்டுமென்று கேட்பதைவிட, வந்தவன் மறுபடி வரவேண்டுமென்றே அதிகம் கேட்கின்றனர் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

கடற்கொள்ளையர் படங்கள் உயர்ந்த கலையென்று நிறுவுவது என் நோக்கமன்று. அவற்றிற் பல சலிப்பூட்டுவன. கரிபியன் வரிசையின் பிற்பாகங்களில் இறந்தோரை எழுப்பி எழுப்பியே இறப்புக்குப் பொருளில்லாமற் செய்துவிட்டனர். ஐந்தாம் படத்தின் ஆங்கிலத் தலைப்பு, இறந்தோர் கதை சொல்வதில்லை என்ற பொருளுடையது. எங்கள் கரையில் அது உண்மை. இறந்தோரும் காணாமற்போனோரும் கதை சொல்வதில்லை, இருப்போரே சொல்லவேண்டும். இந்த வாவியிலும் இதன் வெளியே கிடக்கும் கடலிலும் ஸ்பில்பேர்கன் முதல் நேற்றுவரை நிகழ்ந்தவற்றில் எத்தனையோ கதைகள் உள்ளன. அவற்றை நாவலாகவும் நாடகமாகவும் திரைப்படமாகவும் ஆக்கும் கடமை நம் தலைமுறைக்கு உண்டு. அவ்வாறு ஆக்கும்போது நீதியும் நேர்மையும் மட்டுமன்றிச் சிறிது வாள்வீச்சும், ஒரு நல்ல வரவும், மறுகா என்னவென்று கேட்கவைக்கும் ஆவலும் இருக்கட்டும். அவை இல்லாவிட்டால் என் அம்மம்மா போன்றவர்கள் நம் படைப்பைப் பார்க்க விழித்திருக்க மாட்டார்கள் என்பதே என் துணிபு.